ஏரிமேல் நடந்த பெட்டை

வெளிநாட்டுச் சொந்தக்காரர் வீட்டில் போய் இறங்கினால், முதல் நாளே நமக்கு வயது ஏழாகிவிடும். எனக்கு உண்மையில் அப்போது இருபத்தொன்பது. ஆக்லாந்தில், ரானுயியில் தனியாக வாடகைக்கு இருந்து, தினமும் ரயிலேறி வேலைக்குப் போய், குழாய் ஒழுகினால் நானே திருத்திக்கொண்டவள். கனடாவில் சித்தி என் காலில் சப்பாத்தை மாட்டி, நூலும் கட்டிவிட்டார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏரிக்கரையில் இருந்த அந்த நகரத்தின் பெயர் பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலின் பெயர்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் புத்திமதி.

போனது மாப்பிள்ளை பார்க்க. (அவர்கள்தான் என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று சித்தி திருத்துவார்.) சனிக்கிழமை பின்னேரம் வருவதாக ஏற்பாடு. காலையிலேயே சித்தி தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, பல்லுத் தெரியச் சிரிக்காதை. எல்லாத்துக்கும் மறுத்துக் கதைக்காதை. நியூசிலாந்து எண்டால் அவைக்கு விளங்காது, அவுஸ்திரேலியா எண்டு சொல்லு."

அந்தக் கடைசிப் புத்திமதியில் என் பொறுமை போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கதவருகே தொங்கிய சித்தியின் கத்தரிப்பூ நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்று இறங்கினேன்.

"ஏரிப் பக்கம் கவனம்!" என்று பின்னால் குரல் வந்தது.

கவனமாகத்தான் போனேன். ஆனால் ஏரியைக் காணவில்லை. தெரு முடிந்த இடத்தில் ஒரு பெரிய வெள்ளை மைதானம்தான் இருந்தது. இவ்வளவு நிலத்தை வீடு கட்டாமல் சும்மா விட்டிருக்கிறார்களே, ஆக்லாந்தில் என்றால் என்ன விலை போகும் என்று யோசித்தபடி அதன் நடுவே நடந்தேன். சித்திக்குச் சொல்லாத பதில்களையெல்லாம் அங்கே சத்தமாகச் சொன்னேன்.

தூரத்தில், நாயோடு நின்ற ஒருவர் கையசைத்தார். நானும் அசைத்தேன். அவர் இரண்டு கைகளையும் அசைத்தார். நல்ல மனிதர்கள் என்று நானும் இரண்டு கைகளையும் அசைத்தேன். அப்போதுதான் என் காலுக்கடியில் அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

மைதானம் என்று நான் நினைத்தது, பனிக்கட்டியாய் உறைந்த ஏரி. பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைரன். கரையிலிருந்து ஒலிபெருக்கியில், குப்புறப் படு என்று ஒரு கட்டளை. மஞ்சள் உடுப்புப் போட்ட இரண்டு பேர் கயிற்றோடு தவழ்ந்து வந்து, என்னைப் பலகையில் போட்டுக் கட்டினார்கள். கரையில் கூட்டம், கார்கள், உயர்த்திப் பிடித்த போன்கள். கருவாட்டு மூட்டைபோல இழுபட்டுக் கரைசேர்ந்தேன்.

மேலே பனி ஈரம் தவிர, உடம்புக்கு ஒன்றுமில்லை. பின்கதவால் வீட்டுக்குள் நுழைந்து, ஜாக்கெட்டை எடுத்த இடத்திலேயே கொழுவிவிட்டு, சித்தியிடம் மூச்சு விடாமல், சேலை உடுத்து, தேநீர்த் தட்டோடு ஹோலுக்குள் வந்து எல்லாருக்கும் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாயார் போனை நீட்டிக்கொண்டு உற்சாகமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"வரேக்கை ஒரு கூத்துப் பாத்தனாங்கள். ஆரோ ஒரு விசர்ப் பெட்டை ஏரிக்கு மேலை நடந்து போயிருக்கிறாள். பாருங்கோ, எப்பிடி இழுக்கினம் எண்டு!"

"ஐயோ, ஆற்றை பிள்ளையோ! என்னெண்டு வளத்ததுகளோ!" என்று சித்தி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "எங்கடை ஆக்கள் மாதிரிக் கிடக்கு. இந்த ஜாக்கெட்… என்னட்டையும் இப்பிடி ஒண்டு…"

எல்லாருடைய பார்வையும் மெதுவாகக் கதவுப் பக்கம் போனது. கத்தரிப்பூ நிற ஜாக்கெட், கொழுவியில் இருந்தபடி சொட்டிக்கொண்டிருந்தது.

"ஓம், நான்தான்" என்றேன். "ஏரி எண்டு அங்கை ஒரு போர்டும் இல்லை."

சித்தி கதிரையில் சரிந்தார். தாயார் போனைக் கவிழ்த்து வைத்தார். மாப்பிள்ளை குடித்த தேநீர் மூக்கால் வந்தது. இருமி, கண்ணைத் துடைத்து, அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "திரும்பிப் போகச் சொல்லிக் கைகாட்டினவராம் அந்த நாய்க்காரர். அவருக்கு நீங்கள் ஏன் ரெண்டு கையாலும் டாட்டா காட்டினனீங்கள்?"

"அவர்தான் முதலிலை காட்டினவர்" என்றேன். (சித்தி சொன்னதுபோல் மறுத்துக் கதைக்காமல் இருந்திருக்கலாம்.) அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

அவரைக் கட்டி, ஆக்லாந்துக்கே கூட்டிவந்துவிட்டேன். அந்த வீடியோவைக் கல்யாண மண்டபத்துப் பெரிய திரையில் போட்டவர் என் மாமியார், வேறு யார்?

இப்போது எங்கள் மகளுக்கு ஏழு வயது. பூங்காவோ கோயிலோ, எங்கே கார் நின்றாலும் அவள்தான் முதலில் குதிப்பாள். இரண்டு முறை காலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பாள். பிறகு, தகப்பன் பழக்கிவிட்டபடி, என் பக்கக் கதவைத் திறந்து பிடித்து, சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள்:

"இட்ஸ் லேண்ட், அம்மா. யூ கேன் கெட் டவுன்."