காவிரியில் நான் எடுத்த லித்தியம்

காவிரித் தண்ணீரிலிருந்து லித்தியம் எடுத்த ஒரே ஆள் அநேகமாக நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் வேதியியல் பேராசிரியை. இனி மறைத்துப் பயனில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தகர ஷெட்டில் எனக்கு வேலை. லடாக் பக்கம் பூமிக்கு அடியிலிருந்து கொதித்து வரும் வெந்நீர் ஊற்றுகளில் லித்தியம் கொஞ்சம் கரைந்திருக்கிறது. பேட்டரிக்கு வேண்டிய உலோகம். அந்தத் தண்ணீர் நீல கேன்களில் எங்களுக்கு வரும். ஒரு வகைப் பொடி அடைத்த குழாயில் அதை பம்ப் வைத்து ஓட்டினால் லித்தியம் மட்டும் பொடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே குழாயில் லேசான ஆசிட்டை விட்டால், ஒட்டியது கழன்று வந்துவிடும். வந்துவிட வேண்டும். நான்கு மாதமாக எங்களுக்கு வந்தது பெயருக்குத்தான் (ரசத்துக்கு நான் போடும் பெருங்காயம்கூட அதைவிட அதிகம்).

அந்தக் குழாயை வடிவமைத்தவள் நான். அதனால் முதலாளி மஞ்சுநாத் சார் என்னிடம்தான் விஷயத்தைச் சொன்னார். "ரீட்டா, அடுத்த வாரம் ஃபண்டிங் குடுக்கறவங்க வராங்க. ஏதாவது காட்டலேன்னா ஷெட்டை மூடறதுதான். பேஜார் பண்ணிக்காதே மா."

எப்படி பேஜார் ஆகாமல் இருக்கும்? ஷெட் மூடினால் நான் பழைய வேலைக்குத்தான் திரும்ப வேண்டும். அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாக ஏறி இறங்கி, போர்வெல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து, உண்மையைச் சொன்னதற்காக செக்ரட்டரிகளிடம் திட்டு வாங்குகிற வேலை. ஐந்து வருடம் வாங்கியது போதும் என்றிருந்தது.

அந்த வாரம் பார்த்து பம்ப் கீச்சிட ஆரம்பித்தது. என் கணவர் சேவியர் விவேக் நகரில் டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். போனில் சத்தத்தைக் கேட்டதுமே, "காஞ்சு போச்சு. கிரீஸ் இல்லாம எந்த மிஷின்தான் ஓடும்?" என்றார். மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு ஒரு டப்பாவையும் என் பையில் வைத்தார்.

பம்ப்புக்கு மட்டும் தடவியிருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் அளவாகச் செய்து பழக்கமில்லை. பம்ப், வால்வு, ஜாயின்ட், குழாய் மூடியின் மரை என்று எட்டிய இடமெல்லாம் தடவினேன். சத்தம் நின்றது.

அடுத்த நாள் ஆசிட்டை விட்டு அளந்தால், கருவி பத்து மடங்கு காட்டுகிறது! மறுபடி அளந்தேன். அதே அளவு. (மூன்றாவது தடவை அளக்கவில்லை. நல்ல செய்தியை யார் மூன்று தடவை சோதிப்பார்கள்?) சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மிஷின் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, கட்டைவிரலை உயர்த்தச் சொல்லி போட்டோ எடுத்தார். அது எங்கள் குடும்ப வாட்ஸப்புக்குப் போனது. வியாழக்கிழமை என் மாமியார் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

வந்தவர்கள் மூன்று பேர். கோட் போட்ட இருவர், அவர்கள் ஆலோசனைக்கு அழைத்து வந்த பேராசிரியை. நான் புதுப் பொடி அடைத்துத் தயாராக நின்றேன். அந்த அம்மாள் கேனைத் திறக்கவே விடவில்லை.

"முதல்ல சும்மா குழாய்த் தண்ணி விட்டுக் காட்டுங்க."

"அதுல ஒண்ணும் வராது மேடம்."

"வரலேன்னு பாக்கத்தாம்மா."

ஷெட் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். ஓட்டினேன். ஆசிட் விட்டேன். அளந்தேன். அதே பத்து மடங்கு!

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "மேடம், காவிரி குடகு மலைப் பாறையில இருந்துதானே வருது? அங்கயும் லித்தியம் இருக்கலாம். இது பெரிய கண்டுபிடிப்பாக்கூட..." என்று ஆரம்பித்தேன். கோட் போட்டவர்களில் ஒருவர் குறிப்பெடுக்கவே தொடங்கிவிட்டார்.

பேராசிரியையோ, சார் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்த என் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய், என் கட்டைவிரலுக்குப் பின்னால் தெரிந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "இது என்னம்மா டப்பா?"

கிரீஸ் டப்பா. அதன்மேல் கொட்டை எழுத்தில், 'லித்தியம் கிரீஸ்'.

ஆசிட் பட்டால் அந்த கிரீஸிலிருந்து லித்தியம் கரைந்து வரும். தெரியாத விஷயமில்லை, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். "நான்தான் தடவினேன் மேடம். எல்லா இடத்துலயும்" என்றேன். சார் கன்னடத்தில் "ஹோய்த்து" என்றார். எல்லாம் போச்சு என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். சேவியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "டப்பா மேலயே எழுதியிருக்கு. நீ தேடுறது அதுதான்னு முன்னாடியே சொல்லியிருந்தா, லடாக் வரைக்கும் போயிருக்க வேணாமே? கடையில அரை டஜன் கெடக்கு" என்றார். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அன்று கிடைத்த தைரியத்தில் அவர் இன்றுவரை நிறுத்தவில்லை.

அடுத்த மூன்று நாள் ஒவ்வொரு மரையாகக் கழற்றிக் கழுவினேன். பம்ப் கீச்சிட்டால் கீச்சிடட்டும் என்று விட்டேன். குழாய்த் தண்ணீரை ஓட்டினேன், பூஜ்யம். லடாக் தண்ணீரை ஓட்டினேன், பழைய பெருங்காயம். வேலை போனால் போகட்டும் என்று இரண்டையும் அப்படியே பேராசிரியைக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: "உங்கள் பூஜ்யத்தை நம்புகிறேன். இன்னும் ஆறு மாதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்."

ஷெட் இப்போதும் ஓடுகிறது. போன வருடம் ஊற்றுத் தண்ணீரிலிருந்தே, ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடியாக, நிஜ லித்திய உப்பு எடுத்தோம். அதில் கொஞ்சத்தைச் சின்னச் சீசாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேவியரிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனதைத் தொடும்படி ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு ரீட்டா. வாசக் கதவு கீச்சுங்குது, கொஞ்சம் தடவிப் பாக்கலாமா?"

அந்தக் கதவுக்கு இன்னும் யாரும் எண்ணெய் விடவில்லை. விட அவர் சம்மதிப்பதில்லை. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கீச்சிடும். உள்ளேயிருந்து என் மகள், "அப்பா, லித்தியம் வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பாள்.