குதிரை சரியில்லாத ரிவால்வர்

ஜவ்வாது மலையில் கரடிக்குப் பயந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் முறைப்படி மனு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, மூன்று நகல் எடுத்துப் பயந்தவர் இந்த உலகத்திலேயே ஊசிக்காரர் ஒருவர்தான்.

அவர் கால்நடை மருந்தகத்துக் கம்பவுண்டர். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. மலை முழுக்க அவர் ஊசிக்காரர்தான். இது ஆடுகளுக்குக்கூடத் தெரியும். தோளில் பையோடு அவர் ஊருக்குள் நுழைந்தால், ஆடுகள் பின்பக்கமாக ஊரைக் காலி செய்துவிடும்.

நான் அப்போது ஜமுனாமரத்தூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. இரண்டு பேர் குடும்பமும் மலைக்குக் கீழே இருந்ததால் ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம். அதாவது, அவர் சமைத்தார், நான் சாப்பிட்டேன்.

பஸ் போகாத உச்சியில் மேலூர் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. காட்டு வழியில் மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். இவருக்கு முன்னால் இருந்தவர் அங்கே போனதே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே 'மேலூரில் ஆடுகள் நலம்' என்று எழுதிவிடுவாராம். ஊசிக்காரர்தான் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாதம் இரண்டு தடவை ஏறினார். அவர் வந்த பிறகுதான் மழைக்காலத்தில் அங்கே ஆடுகள் கொத்துக் கொத்தாகச் சாவது நின்றது.

ஒரு பலாப்பழ சீசனில், வழியில் ஒரு வளைவு திரும்பினால் எதிரே கரடி. அதன் கையில் பலாச்சுளை. இவர் ஒரு பக்கம் ஓட, அது ஒரு பக்கம் ஓடியது.

"கரடியும்தானே பயந்து ஓடிச்சு? அப்புறம் இன்னாண்ணா?" என்று நான் கேட்டேன்.

"ஓடிச்சு தம்பி. ஆனா அதுக்கு மறுபடியும் மேலூருக்குப் போற வேல இல்ல. எனக்கு இருக்குதே" என்றார்.

விஷயம் கண்ணமங்கலத்தில் இருந்த அவர் மனைவி காதுக்குப் போனது. அந்த அம்மா போனில் ஒரே போடாகப் போட்டார். "ஒண்ணு துப்பாக்கி வாங்குங்க. இல்லன்னா மாத்தல் வாங்கிக்கினு வூடு வந்து சேருங்க."

ஊசிக்காரர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் ரிவால்வர். நீளத் துப்பாக்கி என்றால் ஐஸ் பெட்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பது அவர் கேள்வி.

விண்ணப்பத்தில் 'உயிருக்கு யாரால் ஆபத்து' என்ற இடத்தில் 'கரடி' என்று எழுதினார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அதை இரண்டு தடவை படித்தார். "முன்விரோதம் ஏதாவது உண்டுங்களா?" என்றார்.

"என் தரப்புல இல்லீங்க" என்றார் ஊசிக்காரர்.

அடுத்து வனத்துறைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். "கரடியச் சுட்டீங்கன்னா ஜெயில்தான் சார், தெரியுமா?"

"சுடறதுக்கு யாருங்க கேட்டது? சத்தம் போடறதுக்கு. வானத்தப் பார்த்துதான் சுடுவேன்."

"சத்தத்துக்குத்தான்னா பட்டாசு வாங்கிக்குங்களேன்!"

"எதிர்ல கரடிய நிக்க வெச்சுட்டு நான் தீப்பெட்டி தேடிக்கினு இருக்கவா?"

வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் மேலூருக்கு அவர் போகும்போதெல்லாம் லீவு நாளாகப் பார்த்து என்னையும் இழுத்துப் போவார். என் வேலை, சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டே பின்னால் நடப்பது. எம்.ஏ. படித்தவன் நான்.

யாருமே எதிர்பார்க்காத ஒரு நாளில் லைசென்ஸ் வந்துவிட்டது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் ரிவால்வரை வாங்கிக் காட்ட வேண்டும். அவர் மனைவி அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டார். அதற்குள் வாங்கவில்லை என்றால் மாற்றல். அதற்கான மனுவை என்னை விட்டே எழுத வைத்து, தேதி மட்டும் போடாமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தார் ஊசிக்காரர். அவருக்கு நான் அரிசி எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டு, சோறு இறங்காது. அவர் போய்விட்டால் மேலூருக்கு மறுபடியும் யார் ஏறுவார்கள்?

ஆகவே நல்ல ரிவால்வர் தேடும் படலம் தொடங்கியது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே பாறைமேல் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாத இந்தி வீடியோக்களாகப் பார்த்தார். கனம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, மளிகைக் கடையில் முக்கால் கிலோவுக்கு எடைக்கல் இரவல் வாங்கி, இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குள் நடந்தார். பாதி வழியில் பேன்ட் இறங்கிவிட்டது. "பெல்ட் தனியா பார்க்கணும்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

மெட்ராஸில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு மூன்று தடவை பஸ் ஏறினார். முதல் தடவை, பிடி வழுக்கியதாம். இரண்டாம் தடவை, "சத்தம் கேட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்" என்று அடம்பிடித்ததில் வெளியே அனுப்பிவிட்டார்களாம். மூன்றாம் தடவைதான் பெரிய குறை தெரிந்தது. குதிரை சரியில்லை.

துப்பாக்கியில் விரலால் இழுக்கிற விசைக்குக் குதிரை என்று பெயர் உண்டல்லவா? அது விறைப்பாக இருந்தது. இருபது வருஷமாக ஊசியின் பின்னால் அழுத்தியே பழகியதால் இவருக்குக் கட்டைவிரலில்தான் பலம். ஆள்காட்டி விரல் வெறும் அலங்காரம்.

வெறுங்கையோடு அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நானும் அங்கே இருந்தேன். மேலூர் பச்சையம்மா எதிரே வந்தாள். நாற்பது ஆடுகளுக்குச் சொந்தக்காரி. 'சார் எதையோ வாங்கப் போயிருக்கிறார், வாங்காவிட்டால் மலையை விட்டே போய்விடுவார்' என்ற அளவுக்கு அவளுக்கு விஷயம் தெரியும்.

"இன்னா சார், வாங்கினீங்களா?"

"எங்கம்மா வாங்கறது? குதிர சரியில்ல."

"குதிரையா?"

"அதான முக்கியம்! நல்ல குதிரையா ஒண்ணு அமைஞ்சா நான் ஏம்மா கீழ போறேன்?"

"எப்படி இருக்கணும் சார்?"

"மொரண்டு பண்ணக் கூடாது. லேசா இஸ்தா வரணும். முக்கியமா, ஒதைக்கக் கூடாது."

பச்சையம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கும் அப்போது ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. வட்டம் போட்ட தேதிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. ஊசிக்காரர் வீட்டுக்கு வந்து அரிசி டின்னை நகர்த்தி, மனுவை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டார். "திங்கக்கெழம தபால்ல சேர்த்துடு தம்பி" என்றார். நான் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரே கூட்டம். மேலூரே இறங்கி வந்திருந்தது. நடுவில் ஒரு குதிரை.

வெள்ளைக் குதிரை. அல்லது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த குதிரை. நெற்றியில் ஜிகினா, கழுத்தில் ஒரு காய்ந்த சம்பங்கி மாலை.

"வாணியம்பாடில ஒரு பாய்கிட்ட வாங்கியாந்தோம் சார்" என்றாள் பச்சையம்மா. "கல்யாண ஊர்வலத்துக்கு வுட்டுக்கினு இருந்த குதிர. நீங்க சொன்னா மாதிரியே பார்த்துட்டோம். இஸ்தா வருது. ஒதைக்கல. நீங்க போவாதீங்க சார்."

ஊசிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எப்படிம்மா வாங்கினீங்க?" என்று அவர் கேட்டார்.

"வூட்டுக்கு வூடு ஆட்ட வித்து காசு குடுத்தோம் சார். நீங்க ஊசி போட்ட ஆடுங்கதான். நீங்க இல்லன்னா அதுங்களே இல்ல."

எனக்குச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

குதிரையில் ஒரு சின்னக் குறை இருந்தது. பேண்டு வாத்தியம் கேட்காமல் அது ஓரடி எடுத்து வைக்காது. பாய் சொன்னதை இவர்கள் மறந்துவிட்டார்கள். நான் சிக்னல் பாறைக்கு ஓடிப் போய், செல்போனில் கல்யாண பேண்டை இறக்கிக்கொண்டு வந்து போட்டேன். காது விடைக்க, மாப்பிள்ளை மேலே இருக்கிற நினைப்பில், அது கம்பீரமாக நடக்க ஆரம்பித்தது. வனத்துறைக்காரர் பின்னால் சொன்னார்: அந்தச் சத்தத்துக்குக் கரடி மட்டுமல்ல, காட்டில் வேறு எதுவும் பக்கத்தில் வராதாம். ஊசிக்காரர் ஒருநாளும் குதிரைமேல் ஏறவில்லை. ஐஸ் பெட்டியை அதன் முதுகில் கட்டிவிட்டு, அவர் பக்கத்தில் நடந்தே போனார். அதன் முகத்துப் பக்கம் கையைக் கொண்டுபோக அவருக்குப் பயம் என்பதால், நான் அந்த மலையில் இருந்தவரை ஜிகினா அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னிடமிருந்து மனுவை வாங்கி நான்காகக் கிழித்தார். பிறகு பாறைமேல் ஏறி மனைவிக்கு போன் போட்டார். கீழே நின்றிருந்த எனக்கு இரண்டு பேர் குரலும் கேட்டது.

"இன்னாங்க, வாங்கியாச்சா?"

"ஆச்சு. ஊர்ல வாங்கிக் குடுத்துட்டாங்க."

"ஊர்லயா? நல்லாச் சுடுமா?"

ஊசிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுடாது. ஆனா கூடவே வரும்."

அந்த மலையில் நானும் ஏழு வருஷம் குப்பை கொட்டினேன். நான் மாற்றலாகிப் போனபோது யாரும் ஒரு கோழியைக்கூட விற்கவில்லை. அவர்மேல் எனக்கு அப்போது கொஞ்சம் பொறாமைதான். இப்போது அதெல்லாம் போய்விட்டது. அவரை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்கிறது.