கிளைமாக்ஸ் சொல்லப் போன மாப்பிள்ளை

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளில் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்ட் மதிலோரம் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்ற காலத்தில், நான் நல்லது என்று சொன்ன படத்துக்குத்தான் ஜனங்கள் போவார்கள். நானோ ஐந்தாறு வருஷமாக ஒரு படமும் பார்த்ததில்லை.

எப்படிப் பார்ப்பது? படம் ஓடுகிற நேரம்தான் எனக்கு வியாபாரம் ஓடுகிற நேரம். ஆனால் படத்துக்கு முன்பே பாட்டுப்புத்தகம் வந்துவிடும். அதில் கதைச்சுருக்கம் இருக்கும். கதாநாயகிக்கு ஆபத்து வருகிற இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டுவிடுவார்கள். அந்த மீதியை நானே கட்டிவிடுவேன், தமிழ்க்காரருக்குத் தமிழிலும் மலையாளிக்கு மலையாளத்திலும்.

அரசியலிலும் அப்படித்தான். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறும் என்று அடித்துச் சொல்வேன். (கேரளத்தில் அதற்கு மூளை வேண்டாம், காலண்டர் போதும்.) இரண்டு கட்சிக்காரர்களும் என்னைத் தங்கள் ஆள் என்று நம்பி டீ வாங்கித் தருவார்கள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, காரக்கோணத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். அப்பா தியேட்டரில் ஆபரேட்டராம். காரக்கோணத்தில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. தியேட்டர் என்றால் ஆபரேஷன் தியேட்டர்தான் என்று நானே முடிவுகட்டினேன். தெருவில் புத்தகம் விற்பவன் என்று ஏற்கெனவே மூன்று வீட்டில் என்னைக் கழித்திருந்தார்கள். இங்கே விஷயம் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்வது என்று கிளம்பினேன்.

டீ கொண்டுவந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். மாதம் தவறாமல் என்னிடம் நாவல் வாங்குகிறவள்! பாக்கிச் சில்லறை கொடுக்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் இருந்தேன். இவள் கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று தோன்றியது.

அவள் அப்பா அதிகம் பேசாதவர். படம் பார்க்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். பாறசாலையில் ஓடிக்கொண்டிருந்த படத்தை மூன்று முறை பார்த்ததாக அள்ளிவிட்டேன். கடைசியில் என்ன ஆகும் என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி.

வில்லன் மனம் திருந்தி, கதாநாயகனின் அம்மா காலில் விழுந்து கதறி, போலீஸ் ஜீப்பில் தானே ஏறுவதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். தரகர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். (ரசிக்கிறார் என்று நினைத்தேன்.)

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "மக்கா, அங்க அந்தப் படத்த ஓட்டுறது நானாக்கும். நீ சொன்ன ரீல் மட்டும் எனக்க பெட்டியில வரல்ல."

கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. தப்பான பஸ்ஸில் ஏறி வெள்ளறடையில் போய் இறங்கினேன். அங்கே நின்றுதான் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் அவள் அப்பா என் கடைக்கே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுத் தியேட்டருக்கு வரச் சொன்னார். போனேன். மெஷின் ரூமில் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை முழுசாகக் காட்டினார். வில்லன் கடைசிவரை திருந்தவே இல்லை, மாடியிலிருந்து விழுந்து செத்தான். அவர் விளக்கைப் போட்டுவிட்டு, "நீ சொன்ன முடிவு இதவிடக் கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். இரண்டு மாதத்தில் கல்யாணம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைக் கூட்டிச் சொன்னாலும், 'அந்த ரீல் பெட்டியில வரல்ல' என்பதுதான் பதில். டிவி முன்னால் நான் தேர்தல் முடிவு சொல்லும்போது பிள்ளைகள் சேர்ந்தே சொல்வார்கள். எனக்கும் அதில் வருத்தமில்லை.

இதை எழுதி முடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கதவுக்குப் பின்னால் அவள் சிரித்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அந்த ரீலும் பெட்டியில வரல்ல. அண்ணைக்கு நான் சிரிக்கல்ல, அழுதேனாக்கும். மூணு நாளு சோறு திங்காம அழுத பொறவுதான் அப்பா ஒங்களத் தேடி வந்தாரு."