இன்னொருக்கா அக்காவின் கறுப்புப் புள்ளி

எந்தக் காரியத்தையும் ஒரு தடவை செய்தால் போதும் என்று நினைப்பவர்கள், இன்னொருக்கா அக்காவைச் சந்திக்காதவர்கள். பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் நான் தங்கியிருந்த காலத்தில், அங்கே துணி உதறியவர், தலை சீவியவர், செருப்பு மாட்டியவர் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறோம். எதிரே அக்காவின் ஃபோன் நீண்டிருக்கும். அதன் பின்னாலிருந்து குரல் வரும்: "இன்னொருக்கா." அவருடைய சொந்தப் பெயர் விடுதியின் வருகைப் பதிவில் மட்டும் இருந்தது.

நான் சேர்ந்த அன்றைக்குச் சாப்பாட்டு அறையில் அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடி சரிந்து விழும் நிலையில் ஒரு பெண்மணி வந்து நின்றார்.

"எக்கா, இன்னொருக்கா குடிங்க."

ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று குடித்தேன்.

"தொண்டை சரியா விழல. இன்னொருக்கா."

"ஏம்மா, வயிறு முட்டுது."

"முட்டட்டும். எனக்குத் தொண்டைதான் வேணும்."

மறுவாரம் என் ஃபோனுக்கு ஒரு ஜிஃப் வந்தது. வாட்ஸ்அப்பில் சத்தமில்லாமல் முடிவின்றி ஆடிக்கொண்டே இருக்குமே, அந்தச் சின்னப் படம். பென்சில் கோட்டில் ஒரு பெண் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். டம்ளர் காலியாகவே இல்லை. கழுத்து, கொண்டை, முழங்கை எல்லாம் சந்தேகமின்றி நான்தான். ஆனால் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. எனக்கு மச்சம் கிடையாது.

அக்காவுக்கு வண்ணார்பேட்டையில் ஓர் ஆரி வேலைக் கடையில், அதாவது ரவிக்கைக்கு எம்பிராய்டரி போடும் கடையில், வேலை. ரவிக்கைத் துணியில் பூவும் மயிலும் படியெடுத்துக் கொடுப்பார். ஆகவே ட்ரேஸ் பேப்பருக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய லேப்டாப்பை மல்லாக்கப் படுக்கவைத்து, எடுத்த வீடியோவை அதில் ஓட்டி நிறுத்தி, திரைமேல் தாளை வைத்து, தெரிகிற உருவத்தின்மேல் கோடு இழுப்பார். பிறகு வீடியோவைத் துளி நகர்த்தி அடுத்த தாள். ஒரு நொடி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு தாள். எல்லாத் தாளையும் ஃபோனில் வரிசையாகப் படமெடுத்து ஓட்டினால் ஜிஃப். தாள்கள் இம்மியும் நகரக் கூடாது என்பதற்காகத் திரையின் ஓரத்தில் இரண்டு தீக்குச்சிகளை ஒட்டியிருந்தார். ஒவ்வொரு தாளிலும் இரண்டு துளை போட்டு அந்தக் குச்சிகளில் மாட்ட வேண்டும். துளை போடுவதும் மூலையில் எண் எழுதுவதும் சீக்கிரமே என் வேலையாயின. நான் கணக்குப் பிரிவில் இருப்பவள். எண் எழுதாத தாளைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

மச்சத்தின் கதையும் அப்போதுதான் தெரிந்தது. லேப்டாப் திரையில் ஓரிடம் பழுதாகி, மிளகளவு கறுப்புப் புள்ளி நிரந்தரமாக நின்றுவிட்டது. அக்கா அதையும் சேர்த்து வரைந்தார்.

"அது படத்துல உள்ளது இல்லயே. விட்டுரலாமே?" என்றேன்.

"திரையில இருக்குல்லா? அப்பம் தாள்ல இருக்கணும்."

"திரை கெட்டுப்போயிருக்கு அக்கா."

"அதைத் தீர்மானிக்க நான் யாரு? நான் கோடு போடுதவ. இன்னைக்குப் புள்ளியை விடச் சொல்லுவீங்க, நாளைக்கு மூக்கை நேராக்கச் சொல்லுவீங்க."

இப்படியாக, அக்காவின் படங்களில் எல்லோருக்கும் எங்கேயாவது அந்தப் புள்ளி விழுந்தது. விடுதிச் சமையல்காரி ராஜம்மாளின் தோசையில் அது ஓட்டை. தெருப் பசுவின் காதில் உண்ணி. ராஜம்மாள் தோசை திருப்பும் அழகை எடுத்த நாளில் ஒவ்வொரு தோசையும் பலமுறை புரண்டது. அன்று எங்கள் தட்டில் விழுந்ததைக் கடித்துப் பார்த்தவர்கள் தோசை என்று சொல்ல மாட்டார்கள், ஓடு என்பார்கள்.

குறுக்குத்துறையில் நடந்தது இன்னும் மோசம். படித்துறையிலிருந்து ஆற்றுக்குள் பாய்ந்த ஓர் அண்ணாச்சியை அக்கா பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, கால் மடங்கிட்டு. இன்னொருக்கா குதிங்க." அவரும் பெருமையாகக் குதித்தார், ஏறினார், குதித்தார். உதடு நீலம் பாரித்த பிறகு, "தாயி, எனக்குப் பேரன் பேத்தி இருக்கு. விட்டுரு" என்று கும்பிட்டார். ஜிஃப் பிரமாதமாக வந்தது. அவர் மனைவி மட்டும் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போறாரு, போறாரு, போய்க்கிட்டே இருக்காரு. எப்பம்மா மேல வருவாரு?"

"குதிச்சதுதான் அழகு. ஏறுறது எல்லாரும் ஏறுறதுதான்" என்றார் அக்கா.

இந்தப் பதிலின் விலை பிறகு தெரிந்தது.

எங்கள் வார்டன் அம்மா அளவுகோல் மாதிரி நிமிர்ந்து நிற்பவர். சிரிப்பு வராது என்றில்லை, நேரம் பார்த்துத்தான் வரும். விடுதியின் ஆண்டு விழா வந்தது. கல்லூரிக்குப் பழைய மாணவிகள் போல எங்களுக்குப் பழைய விடுதிவாசிகள் உண்டு. அவர்களுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் வாழ்த்து அனுப்ப வேண்டும். "எல்லாரும் ரோசாப்பூவும் புறாவும் அனுப்புதாங்க. நாம நம்ம முகத்தையே அனுப்புவோம்" என்று வார்டன் அம்மாவே அக்காவைக் கூப்பிட்டார். சாயங்காலம் வாசற்படியில் நின்று, கைகூப்பி, புன்னகைத்தார். அக்கா வீடியோ எடுத்தார், அதில் மூன்று நொடியை வெட்டி வரைந்தார், ஜிஃப் எல்லோருக்கும் போயிற்று.

அதில் வார்டன் அம்மா கைகூப்பினார், புன்னகைத்தார். சட்டென்று கண் பக்கவாட்டில் ஓடியது. புன்னகை அணைந்தது. மறுபடி கைகூப்பினார். வீடியோவில் அந்தப் பார்வை யார் கண்ணிலும் படவில்லை, ஓயாமல் ஆடும் படத்தில் அதுமட்டும்தான் கண்ணில் பட்டது. போதாததற்குப் புள்ளி சரியாக மூக்கு நுனியில்.

குழுப் பெரியவர் ஒருவர், "யாரையம்மா முறைக்குதீங்க?" என்று கேட்டு அனுப்பினார். பழைய விடுதிவாசி ஒருத்தி, "வாங்கன்னு கும்பிட்டுட்டு எதுக்கு வந்தீங்கன்னு பார்க்குதாங்க. அன்னைக்கு மாதிரியேதான் இருக்காங்க" என்று எழுதினாள். அது ஊரெல்லாம் சுற்றியது.

வார்டன் அம்மா அக்காவைக் கூப்பிட்டு ஒரே வாக்கியம் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள ரூமைக் காலி பண்ணிரு."

அக்காவுக்குப் போக இடமில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தருகிறவர்கள் குறைவு. தந்தாலும் அவர்கள் கேட்கும் அட்வான்ஸ் ஆரிக் கடைச் சம்பளத்துக்கு எட்டாது. அம்பாசமுத்திரத்தில் தம்பி வீடு உண்டு. அங்கே லேப்டாப்பை விரிக்க இடமில்லை. தம்பி மனைவியின் மனதில் அக்காவை வைக்கவே இடமில்லை.

நாங்கள் கெஞ்சினோம். "அந்தப் பார்வை வார தாளை மட்டும் எடுத்துருங்க. வார்டன் அம்மா பாட்டுக்கு அழகா கும்பிட்டுட்டு நிப்பாங்க."

"பார்த்தாங்க. வரைஞ்சேன்."

"ரூம் போகுது அக்கா."

"போகட்டும். பார்க்கலன்னு வரையதுக்கு நான் எதுக்கு? கடையில பொம்மை விக்குதான், வாங்கி அனுப்புங்க."

சொல்லிவிட்டுத் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். நான் கட்டிலில் சிதறிக் கிடந்த தாள்களை எண் வரிசைப்படி அடுக்கினேன். பார்வை ஓடும் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தபோது கேட்டேன்: "அவங்க எங்க பார்க்குதாங்க?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. வெட்டாத வீடியோவைத் திறந்தோம். அக்கா ஒருநாளும் ஃபோனை உரிய நேரத்தில் நிறுத்தியவர் இல்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது. வார்டன் அம்மாவின் கண் விடுதியின் கேட் பக்கம் போகிறது. ஃபோனும் கூடவே திரும்புகிறது. கேட் திறக்கிறது. எங்களில் கடைசியாக வருபவள் ஜீனத், சேரன்மகாதேவியில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. அவள் நனைந்த குடையை உதறிக்கொண்டே உள்ளே வருகிறாள். ஃபோன் திரும்ப வாசற்படிக்கு வருகிறது. வார்டன் அம்மாவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்குகின்றன. ஒரு சிரிப்பு வருகிறது, வாழ்த்துக்காகச் சிரித்தது அல்ல, வேறு. பிறகு, "ஆங், இப்பம் எடு" என்று நிமிர்ந்து கைகூப்புகிறார்.

தினமும் அவர் அந்தப் படியில் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். தாமதமாக வருகிறவர்களைத் திட்டத்தான் நிற்கிறார் என்பது அதுவரை எங்கள் எல்லோருடைய முடிவு.

அக்கா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "கோட்டுல தப்பில்ல. வெட்டுனதுலதான் தப்பு" என்றார், வெட்டியவர் வேறு யாரோ என்பது போல.

கடைக்கு லீவு போட்டார். பெட்டி அப்படியே திறந்து கிடந்தது. நான் துளை போட்டேன், எண் எழுதினேன், அக்கா கோடு போட்டார். அந்த நாட்களில் மட்டும் அவர் யாரிடமும் இன்னொருக்கா என்று கேட்கவில்லை.

முடிந்ததும் இருவரும் அலுவலக அறைக்குப் போனோம். வார்டன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனைப் பார்த்தார். கும்பிடு, பார்வை, கேட், குடை, தோள், சிரிப்பு, மறுபடி கும்பிடு.

"இது அந்தப் படம் இல்லயே."

"அதே படந்தாம்மா. பாதியில நின்னுட்டு. நீட்டியிருக்கேன்."

"மூக்குல என்ன, ஈயா?"

"அது திரையில உள்ளது."

வார்டன் அம்மா இன்னும் இரண்டு சுற்று பார்த்தார். பிறகு ஃபோனை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இன்னொருக்கா காட்டு" என்றார். அது தானாகவே ஆடிக்கொண்டுதான் இருந்தது.

காலி பண்ணும் பேச்சு அதன்பின் எழவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா குறுக்குத்துறைக்குப் போனார். விரைவில் அந்த அண்ணாச்சி ஜிஃபில் குதித்து, தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலேயும் வந்தார். "இப்பந்தான் எனக்கு மூச்சு வந்துது" என்றாராம் அவர் மனைவி.

இப்போது அக்கா ஆழ்வார்குறிச்சியில் சொந்தமாக ஆரி வேலைக் கடை வைத்திருக்கிறார். அங்கே பஸ் ஏறுகிறவர்களை இறங்கி இன்னொருக்கா ஏறச் சொல்வதாகக் கேள்வி. அத்தனை பேரை ஆடவைத்தவரின் ஜிஃப் ஒன்றுகூட இல்லை. ஃபோனுக்குப் பின்னால் நிற்பவர் படத்தில் எப்படி வருவார்? என்னிடம் மட்டும் ஒரு சின்ன வீடியோ இருக்கிறது. பென்சில் முனையால் கண்ணாடியை மேலே தள்ளி, அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார்.

போன மாதம் ட்ரேஸ் பேப்பர் வாங்கி, தீக்குச்சி ஒட்டி, நானே வரைந்தேன். எண்கள் நேராக இருக்கின்றன, மூக்கு கோணல். ஆனாலும் ஆடுகிறது. பென்சில் ஏறுகிறது, உதடு அசைகிறது, சத்தமில்லாவிட்டாலும் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். என் லேப்டாப் புதியது, திரையில் ஒரு பழுதும் கிடையாது. கறுப்புப் புள்ளியை ஒவ்வொரு தாளிலும், அக்காவின் கன்னத்தில், நானாகத்தான் வைத்தேன்.