சுவர் வைத்தியர் கண்ணை மூடினார்

தெருவில் இப்போது எந்தச் சுவரும் நிம்மதியாக நிற்க முடியாது. சுவர் வைத்தியர் வந்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடுவார். ஒரு பெருமூச்சு. "அழுவுது" என்பார். அதோடு அந்தச் சுவரின் ஆயுள் முடிந்தது. மூலை வீட்டில் அவர் சொல்லி ஒரு சுவரை இடித்தார்கள்; கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்தது. பையன் படித்ததையும் தேர்வு எழுதியதையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வேலை போட்டுக் கொடுத்தது செங்கல்தான் என்று தெரு தீர்மானித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னால் ஒரு கூட்டம். முன்வரிசையில் எதிர்வீட்டு அக்கா. சொந்த வீட்டில் இடிக்க இனி சுவர் இல்லாததால், அடுத்தவர் வீட்டுச் சுவர்களின் நலனில் அக்கறை காட்டி வந்தார்.

இப்போது நடுவீட்டின் முறை. பழைய வீடு. சமையலறையைப் பெரிதாக்கி, குளியலறையைச் சீர்செய்து, மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை. வைத்தியர் நுழைந்தார். குளியலறைச் சுவருக்குக் கோபம் என்றார், இடித்தார்கள். சாமான் அறைச் சுவருக்குப் பொறாமை என்றார், அதையும் இடித்தார்கள். மழை வந்து போய்விட்டது. அடுப்பு தையல் மிஷின் மேல் எரிந்தது. பாத்திரம் குளியலறையில் கழுவப்பட்டது. தலையணையைத் தட்டினால் சிமெண்டு பறந்தது.

கடைசியாக வைத்தியர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரில் காது வைத்தார். அது அழுததாம்.

"சார், மாடி முழுக்க இந்தச் சுவர் மேலதான் உக்காந்திருக்கு" என்றார் வீட்டு வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியர். "இத எடுத்தா மாடி கூடத்துக்கு வந்துடும்."

மாடியில் வீட்டுக்காரரின் அப்பா படுத்திருக்கிறார். மூட்டுவலி. ஓடி இறங்கக்கூடிய ஆள் அல்ல.

"உங்களுக்குச் சுவர் தெரியும். சுவரோட மனசு தெரியுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பத்திரம் பதியும் அலுவலகத்தில், அடுத்தவர் பத்திரத்தில் ஒரு காற்புள்ளி தவறினால்கூடத் திருப்பி அனுப்புகிறவர். "இடிக்கிற கான்ட்ராக்டர் நாலு இரும்புக் கம்பம் முட்டுக் கொடுக்கறேன்னு சொல்லிட்டார்."

"அப்போ கம்பத்தோட மனசையும் ஒரு தடவ கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் வண்டியை எடுத்தார். நல்ல வசனம். ஆனால் சுவரைக் காப்பாற்ற அது போதவில்லை.

இடிக்கும் நாள் வந்தது. வாசலில் கான்ட்ராக்டர், ஆட்கள், உடைக்கும் மிஷின். உள்ளே தெருவே நின்றது. வீட்டுக்காரரின் அப்பாவைக் கீழே இறக்கி மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார வைத்திருந்தார்கள்.

வீட்டுக்காரரின் மனைவி அன்று லீவு போட்டிருந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சிலர் தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்பார்கள். அப்போது லென்ஸைக் கழற்றி, மாற்றுவது போலச் சத்தம் எழுப்பி, அதே லென்ஸையே மறுபடி போடுவாள். "ஆஹா, இப்பதான் பளிச்னு இருக்கு" என்கிறவரை அதற்குமேல் நம்பமாட்டாள்.

"ஐயா, கண்ண மூடினாத்தானே உங்களுக்குக் கேக்கும்?" என்று வைத்தியரைக் கேட்டாள்.

"ஆமாம்மா. கண் திறந்திருந்தா சுவர் வெட்கப்படும்."

"உங்க இமை முழுசா மூடலையே. கீழ ஒரு கோடு வெளிச்சம் போகுது. தினமும் கண்ணத்தான் பாக்கறேன், அதான் சொல்றேன்." கைப்பையிலிருந்து கடையில் கண்ணை மறைக்க வைத்திருக்கும் இரண்டு கறுப்பு மூடிகளை எடுத்தாள். "இதக் கட்டிக்கிட்டா இன்னும் நல்லாக் கேக்கும்."

வைத்தியர் தயங்கினார். அவரைக் கவிழ்த்தது எதிரியல்ல, பக்தை.

"கட்டுங்கம்மா, கட்டுங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. "ஐயாவுக்கு இருட்டெல்லாம் ஒரு பொருட்டா? குகைக்குள்ள விட்டாலும் கேப்பார்."

கட்டினாள். அவரைக் கையைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி, உடைந்த தரை மேல் நடத்தி, அழுவதாகச் சொன்ன அதே சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

ஸ்டெதாஸ்கோப் ஒட்டியது. வைத்தியரின் முகம் மலர்ந்தது. "இது உத்தமமான சுவர். குடும்பத்தையே தாங்குது. இதுல ஒரு ஆணிகூட அடிக்காதீங்க."

வீட்டுக்காரரின் வாய் திறந்தது. மனைவி மறுபடி உதட்டில் விரல் வைத்தாள்.

மறுபடி ஒரு சுற்று. மறுபடி அதே சுவர். "இப்ப வேற இடம், ஐயா" என்றாள்.

"ம்… இதுதான். இதேதான். என்னமா அழுவுது பாவம்."

மூன்றாவதாக, காலையில் கடையிலிருந்து வந்து இறங்கிய புதுக் கதவுப் பலகையை இரண்டு பெயிண்டர்கள் நிமிர்த்திப் பிடித்தார்கள். வைத்தியர் விரலால் தட்டினார், கேட்டார், தலையை ஆட்டினார். "பல வருஷத் துக்கம். உள்ள காலியா இருக்கு. இந்த வீட்டுப் பெரியவர் மனசு காலியா இருக்கு."

"என் மனசெல்லாம் நிறைஞ்சுதான்யா இருக்கு" என்றார் படியிலிருந்து மாமனார். "வயிறுதான் காலி. யாராவது அந்தச் சமையலறைய முடிங்கப்பா."

முதலில் சிரித்தது பெயிண்டர்களில் ஒருவர். பலகை ஆடியது. வைத்தியர் மூடிகளைப் பிடுங்கினார். தான் ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்த பொருளைப் பார்த்தார்.

"சுவரோட மனசு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்மா" என்றார்.

"அப்ப எதுக்கு இடிக்கணும்? கொஞ்சம் பொறுத்தா அதுவே சிரிச்சிடுமே."

அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து கான்ட்ராக்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. "என்ன மச்சான், மிஷினைப் போடலாமா? அடுத்த வீட்டுக்கு வேற போகணும்ல."

மச்சான். கூடத்தில் எல்லாரும் வைத்தியரைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருவில் எந்தச் சுவர் அழுதாலும் இந்தக் கான்ட்ராக்டர் மட்டுமே வந்து கண்ணீர் துடைப்பது ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இன்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மச்சான்கள் இருவரும் ஒரே வண்டியில் போனார்கள்.

வீட்டுக்காரர் அந்தச் சுவரில் கையை வைத்து நின்றார். "அவர் அவ்வளவு உறுதியாச் சொன்னாரும்மா."

"இன்ஜினியரும் உறுதியாத்தாங்க சொன்னார். அவர் கண்ண மூடிக்கல, அதான் உங்களுக்குப் பிடிக்கல" என்றாள் மனைவி. "ஃபோன் போட்டு அவரக் கூப்பிடுங்க."

அவர் ஃபோனை எடுத்தார். கூட்டம் கலைந்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் வாசலில் நின்று மெல்லக் கேட்டார்: "எல்லாம் சரிதான். பக்கத்துத் தெருவுல ஒருத்தர் வந்திருக்காராம். அவர் தரையத் தொட்டுப் பாத்துச் சொல்றாராமே?"

அக்கா அவரைத் தாராளமாக அழைக்கட்டும். அழைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: ஒரு ஸ்டெதாஸ்கோப்பைத் தம் நெற்றியில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கட்டும். உள்ளே யாராவது யோசிக்கிற சத்தம் வருகிறதா என்று.