ஒரே ஒரு டைல்

கீழ்த்தளக் குளியலறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே, ஒரே ஒரு டைல் ஆடிக்கொண்டிருந்தது. வாத்தியார் அதை விரலால் அமுக்கினார். உள்ளே போனது. விரலை எடுத்தார். வெளியே வந்தது.

“அமுக்கி அமுக்கிப் பாக்காதீங்க. ஆளைக் கூப்பிடுங்க,” என்றாள் மனைவி.

“ஒரு டைலுக்கு ஆளா? நானே பாத்துக்கறேன்.”

“அலமாரிக் கதவுக்கும் இதையேதான் சொன்னீங்க. இன்னிக்கும் அது தனியாச் சுவத்துல சாஞ்சு நிக்குது.”

வாத்தியார் டைலை இன்னொரு தடவை அமுக்கினார். மறுபடி வெளியே வந்தது.

மாமனாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையிலிருந்து நேராக இங்கேதான் வருகிறார். மாடிப்படி ஏறக் கூடாது. கீழே இருப்பதோ இந்த ஒரு குளியலறைதான்.

“இது சரியா இல்லன்னா அப்பாவைத் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்,” என்றாள் அவள். “அவர் எங்கயோ நானும் அங்கதான். எழுந்து நடமாட ஒரு வருஷம் ஆனாலும் சரி.”

அவள் இல்லாத வீட்டை வாத்தியாரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அது பாசமா, அல்லது தன் பனியன்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத பயமா என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும்தான்.

தவிர, மாமனார் வாய் சும்மா இருக்காது. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். “மாப்பிள்ளைக்கு உலகத்துல எந்த மலை எங்க இருக்குன்னு தெரியும். வீட்டுல சுத்தியல் எங்க இருக்குன்னுதான் தெரியாது,” என்று கல்யாணமான புதிதில் சொன்னவர், அதை இன்றுவரை நிறுத்தவில்லை.

மனைவி மருத்துவமனைக்குக் கிளம்பியதும் வாத்தியார் தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனார். அந்தப் படியை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே கல்லாவில், ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் கைகளைப் பார்த்ததும் வாத்தியாருக்கு மரியாதை பிறந்துவிட்டது. நகத்தில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. தொழிலில் தடுமாறுகிறவனுக்குத்தானே கை அழுக்காகும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

“ஒரு டைல் ஆடுது சார். ஒட்டறதுக்கு ஏதாவது குடுங்க.”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “எத்தனை நாளா ஆடுது?”

இப்படி அக்கறையாக விசாரிக்கும் கடைக்காரரை வாத்தியார் பார்த்ததே இல்லை. “ஒரு வாரமா இருக்கும்.”

“பக்கத்துல இருக்கறது?”

“அது கெட்டியா இருக்கு.”

“இப்போதைக்குக் கெட்டியா இருக்கும்,” என்று அவர் தலையை ஆட்டினார். “ஆட ஆரம்பிச்சதை ஒட்ட வச்சுப் பிரயோஜனமே இல்ல. எடுத்துடறதுதான் புத்திசாலித்தனம். விட்டா அது பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும்.”

வாத்தியார் உளியைக் கையில் எடுத்தார். கண்ணாடிக்காரர் அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டார்.

“உளி முரட்டுத்தனம். குறடு எடுத்துக்கோங்க. கெட்டியாப் பிடிச்சு, இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை அசைச்சு, ஒரே இழுப்பு. தயங்கவே கூடாது.”

வீட்டுக்கு வந்த வாத்தியார் தயங்கவில்லை. கெட்டியாகப் பிடித்தார், இப்படி அசைத்தார், அப்படி அசைத்தார், ஒரே இழுப்பு இழுத்தார். டைல் வந்தது. அது வரும்போது இரண்டு பக்கத்துக்காரர்களையும், மேலே இருந்த கண்ணாடியையும், சோப்புப் பெட்டியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, வாத்தியார் சுவரைப் பார்த்து நின்றார். டைல்கள் இருந்த இடத்தில் காரை ஈரமாக, கறுப்பாக இருந்தது. மறுபடி கடைக்கு ஓடினார். நல்லவேளை, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

கண்ணாடிக்காரர் படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, வெகுநேரம் பார்த்தார். வாத்தியார் கைகட்டி நின்றார்.

“இதை ஏன் இவ்வளவு நாள் கவனிக்காம விட்டீங்க?”

“தப்புதான் சார்.”

“கறுப்பு தெரியுதா? இதை அப்படியே மூடினா உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டுப் போகும். கறுப்பு தீர்ற வரைக்கும் குடைஞ்சு எடுத்துடணும். நல்ல பாகம் தெரிஞ்சதும் நிறுத்திட்டு அடைச்சிடலாம்.”

வாத்தியார் அலமாரியில் இருந்த பெரிய துளைபோடும் மிஷினைக் காட்டினார். துப்பாக்கி மாதிரி கம்பீரமாக இருந்தது.

“ஐயோ, அது எதுக்கு? சின்னதா இருக்கணும், ஆனா வேகமாச் சுத்தணும். இதோ, இது. முக்கியமான விஷயம், குடையும்போது தண்ணி விட்டுக்கிட்டே இருங்க. சூடேறக் கூடாது.”

“கரண்ட்டுல ஓடற மிஷின் ஆச்சே சார், தண்ணி...”

“நான் எத்தனை வருஷமாப் பாக்கறேன்!” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாத்தியாரின் சந்தேகம் அடிபட்டுப் போனது.

வலது கையில் மிஷின், இடது கையில் தண்ணீர் பாட்டில். வாத்தியார் குடைந்தார். கறுப்பு தீரவில்லை. இன்னும் குடைந்தார். குழி கிண்ணமாகி, கிண்ணம் சட்டியானது. கடைசியில் சட்டியின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ‘நல்ல பாகம்!’ என்று அவர் மனம் துள்ளியது. துள்ளிய வேகத்தில் கையும் கொஞ்சம் துள்ளிவிட்டது.

அது தண்ணீர்க் குழாய்.

பீறிட்ட தண்ணீர் முதலில் வாத்தியாரின் முகத்தில் அடித்தது, பிறகு மிஷினுக்குள் புகுந்தது. படார் என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஒரு கையால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, மறு கையால் கடைப் பையில் அச்சடித்திருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

“சார்! வந்துக்கிட்டே இருக்கு சார்! நிக்கவே மாட்டேங்குது!”

“பதறாதீங்க,” என்றது அந்த நிதானமான குரல். வாத்தியாருக்குக் கண் கலங்கியது. இந்த உலகத்தில் தன்னிடம் ஆறுதலாகப் பேச இவர் ஒருவராவது இருக்கிறாரே! “பஞ்சு இருக்கா? நல்லா உருட்டி அந்த இடத்துல வச்சு அழுத்திப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்.”

வீட்டில் பஞ்சு இல்லை. மாமனாருக்காக வாங்கி வைத்திருந்த புதுத் தலையணை இருந்தது. வாத்தியார் அதைக் கிழித்தார்.

மனைவி திரும்பி வந்தபோது, வாசல்வரை தண்ணீர் வந்து அவளை வரவேற்றது. செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. குளியலறையில் அவள் புருஷன் அரைத் தலையணையைச் சுவரில் வைத்து, அதில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, கண்ணை மூடி நின்றிருந்தார். தலையெல்லாம் பஞ்சு.

“என்ன பண்றீங்க?”

“எடுத்துப் பாக்கக் கூடாதாம்.”

அவள் வெளியே போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்த வால்வைத் திருகினாள். தண்ணீர் நின்றுவிட்டது. அப்படி ஒரு வால்வு அந்த வீட்டில் இருப்பதே வாத்தியாருக்கு அப்போதுதான் தெரியும்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாத்தியார் பிழைத்திருப்பார். நனைந்த நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த சட்டியளவு குழியையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், “எங்க அப்பா காலையில இருந்து அதே பேச்சு. ‘எனக்கு மாப்பிள்ளை வீடுதான் சௌகரியம், அவரோட வம்பு பேசிக்கிட்டே எழுந்து நடந்துடுவேன்’னு.”

வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன?

“யாரு சொல்லி இதெல்லாம் செஞ்சீங்க?”

“கடைக்காரர். பெரிய அனுபவசாலி. அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்லம்மா. என் கைதான் தப்பு. உங்க அப்பா சொல்றது சரி, நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்.”

அவளுக்கே பரிதாபமாகப் போய்விட்டது.

“சரி, எழுந்திருங்க. அவ்வளவு தெரிஞ்சவர்னா நேர்ல வந்து பாக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அவர் சரி பண்ணிக் குடுத்தா அப்பா இங்க வருவாரு. இல்லன்னா நான் பெட்டியை எடுக்கறேன்.”

வாத்தியாருக்கு உயிர் வந்தது. அவர் வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். ஈர வேட்டியைக்கூட மாற்றாமல், தலைப் பஞ்சோடு, மனைவியை இழுத்துக்கொண்டு ஓடினார்.

கல்லாவில் வேறு யாரோ இருந்தார். தடித்த ஆள், கையெல்லாம் கிரீஸ்.

“இங்க உக்காந்திருந்தாரே, ஒல்லியா, கண்ணாடி போட்டு... கடைக்காரர், அவர் எங்க?”

“கடை என்னுதுங்க. சொல்லுங்க, என்ன வேணும்?”

“அவர்தாங்க வேணும்!” வாத்தியாரின் குரல் உடைந்தது. “எங்க வீட்டு வேலையை ஆரம்பத்துல இருந்து அவர்தான் பாத்துக்கிட்டு வர்றார். அவரைக் கையோட கூட்டிட்டுப் போகணும். எங்க குடும்பமே இப்ப அவர் கையிலதான் இருக்கு!”

“ஓ, அவரா?” தடித்தவர் கிரீஸ் விரலால் மேல்மாடியைக் காட்டினார். “நான் சரக்கு எடுக்க வெளியூர் போனா, பாவம், கடையைப் பாத்துக்குவாருங்க, அவரு பல் டாக்டர்.”