போனை அடைகாத்தது தொடர்பாக

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம், போன் நலமில்லை. அங்கே நீங்களும் மகளும், அவளுக்குத் துணையாக வந்திருக்கும் என் வீட்டுக்காரி, அதாவது உங்கள் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறிவிக்க வேண்டிய கருவியோ ரிப்பேர் கடையில் முதுகைக் கழற்றிப் போட்டுப் படுத்திருக்கிறது. அவசரத்துக்குப் போன் கொடுக்கும் கீழ்வீட்டுத் தையல்காரரும் நேற்று ஊருக்குப் போய்விட்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கை நடுங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேசைக்கு ஒரு கால் குட்டை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. முந்தாநாள் அந்தத் தையல்காரர் போனிலிருந்து உங்களிடம் பேசினேன் அல்லவா, "என்னமோ தெரியல மாப்பிள்ளை, சும்மா மேசை மேல கிடந்தது, தானா அணைஞ்சு போச்சு, பீஸே சரியில்லபோல" என்று? அது பச்சைப் பொய். நீங்கள் உடனே, "மன்னிச்சுக்குங்க மாமா, நான்தான் பார்த்து வாங்கியிருக்கணும்" என்றீர்கள். நானோ பெரிய மனுஷன் மாதிரி "பரவாயில்ல மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீங்கள் ஆசையாக வாங்கிக் கொடுத்த போன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நடந்தது அத்தனையும் என் கைவரிசை, அதை விவரமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்தொரு வருடம் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் இன்குபேட்டர் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் முதல் முறை நம் வீட்டுக்கு வந்த அன்றே அரைமணி நேரம் அதைப் பற்றித்தான் பேசினேன், நீங்களும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டீர்கள். முட்டையை உள்ளே வைத்தால் சூடு குறையக் கூடாது, வெளிக்காற்று படக் கூடாது, மணிக்கொரு தரம் திருப்பிவிட வேண்டும், திருப்பிய நேரத்தைச் சுவரில் தொங்கும் அட்டையில் குறிக்க வேண்டும். ஓய்வு பெற்றாலும் இந்தக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மகளுக்கு ஒன்பதாம் மாதம் ஆரம்பித்து, உங்கள் அத்தையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்ட பிறகு இந்த வீட்டில் நானும் போனும்தான். ஒரு நாளைக்கு எட்டு முறை கூப்பிட்டேன். தண்ணீர் குடித்தாயா, படி ஏறினாயா, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறாய் என்று கேட்டேன். எட்டாவது தடவை அவள், "அப்பா, நான் என்ன உங்க மெஷின்ல இருக்கிற முட்டையா? மணிக்கொரு தரம் திருப்பிப் போடறீங்க!" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்துச் சொன்னதில் சிரிப்பு இல்லை: "இனிமே நீங்க கூப்பிடாதீங்கப்பா. சேதி இருந்தா நாங்களே கூப்பிடறோம்." சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, மாப்பிள்ளை, வருத்தமாகத்தான் இருந்தது.

சேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் இல்லாமல் போனால்? எனவே போனைச் சார்ஜிலிருந்து கழற்றுவதே இல்லை என்று தீர்மானித்தேன். நீங்கள் கொடுத்த சார்ஜர் பழசாகிவிடக் கூடாதே என்று அதை டப்பாவோடு பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு, எந்தக் காலத்திலோ எதற்கோ வந்த வேறொரு சார்ஜரைச் செருகினேன். போனுக்கு ஏற்கெனவே ரப்பர் உறை இருந்தது, அதற்கு மேல் துணிப்பை, அதற்கு மேல் என் துண்டு, எல்லாவற்றையும் சேர்த்து மெத்தை மேல் ஒரு தலையணைக்கும் இன்னொரு தலையணைக்கும் நடுவில். திரை அணைந்தால் போனும் தூங்கிப்போய் மணி அடிக்காமல் இருந்துவிடுமோ என்று ஒரு சமையல் வீடியோவையும் ஓடவிட்டேன். மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மகளைத் திருப்பிப் போட முடியவில்லை, போனையாவது திருப்புவோம் என்று இருந்திருக்கிறது மனசு. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது, அடடா உள்ளே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

முந்தாநாள் காலையில் ஜன்னல் வெயில் மெத்தை மேல் விழுந்ததைக் கவனிக்காமல் குளிக்கப் போய்விட்டேன். சூடு தாங்காமல் போன் தானே அணைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மகள் கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் சேதி சொல்ல இல்லை, "அப்பாகிட்ட அன்னைக்குக் கொஞ்சம் கடுமையா பேசிட்டேன்" என்று சமாதானம் சொல்ல. எத்தனை தடவை முயன்றாளோ! அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அழுதுகொண்டு தையல்காரரைக் கூப்பிட்டாளாம். மனுஷன் வாயில் நாலு குண்டூசியோடு மாடிப்படி ஏறி ஓடி வந்தார். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு "ஐயா" என்று கத்த முடியுமா, தோளாலேயே கத்தினார், தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. நான் குளியலறைக் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினேன். வெளியே வர வழியில்லை, என் துண்டு போனுக்குச் சுற்றியிருந்தது.

அதோடு விட்டேனா! சூடு என்றால் குளிர்தானே மருந்து என்று போனை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். அரைமணி நேரம் கழித்து எடுத்தால் குளிர்காலக் கண்ணாடி மாதிரி வேர்த்துக் கிடந்தது. அதன் பிறகுதான் தையல்காரர் போனில் உங்களிடம் அந்தப் பொய்யைச் சொன்னது.

நேற்று ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிற அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, வார்த்தைக்குப் பஞ்சம். போனைத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜ்ல வச்சீங்களா?" என்றார்.

"சேச்சே, இல்லம்மா."

"உள்ள தண்ணி முத்து முத்தா நிக்குது."

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எந்தத் தட்டுல?"

"முட்டை வைக்கிற இடத்துல" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய உபகாரம். துண்டு, துணிப்பை, காலண்டர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, சார்ஜ் ஏறும்போது அதுவே சூட்டை உண்டாக்கும். நீங்க சூடு குடுக்க வேண்டாம், இருக்கிற சூடு வெளிய போக வழி விட்டா போதும். உறையைக் கழட்டிட்டு வெறும் மேசை மேல நிழல்ல வைங்க. அதோட வந்த சார்ஜரையே போடுங்க. முக்கால்வாசிக்கு மேல ஏறினதும் எடுத்துடுங்க. சூடானா எடுத்துக்கிட்டு ஓடாதீங்க, சும்மா விட்டா தானா ஆறும். முக்கியமா, ஏறும்போது அதை நோண்டாதீங்க."

இதைக் கேட்டதும் கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் தெரியுமா மாப்பிள்ளை? இது எனக்குத் தெரிந்த பாடம். முட்டைக்கு இருபத்தொரு நாள். முதல் பதினெட்டு நாள்தான் திருப்புவதும் சூடு கொடுப்பதும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு உள்ளே இருக்கிற குஞ்சே சூட்டை உண்டாக்க ஆரம்பித்துவிடும்; அப்போது நம் வேலை சூட்டை வெளியேற்றுவது மட்டும்தான். கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, உள்ளே கீச்சுக் கீச்சு என்று சத்தம் கேட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ஆர்வக்கோளாறில் கதவைத் திறந்த ஒருவரை ஒரு வாரம் வைதிருக்கிறேன். என் சொந்த மகள் விஷயத்தில் பதினெட்டாம் நாள் தாண்டியது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவள் பயப்படவில்லை, அவளுக்கு வேண்டியது அவளிடமே இருக்கிறது. பயந்தவன் நான். என் சூட்டை அவள் மேல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி சொல்கிறேன். போன் கைக்கு வந்ததும் வெறும் மேசையில் வைப்பேன், சார்ஜ் ஏறும்போது தொட மாட்டேன், நீங்களாகக் கூப்பிடும் வரை கூப்பிட மாட்டேன். மூன்று நாளானாலும் சரி, முப்பது நாளானாலும் சரி. முந்தாநாள் அவள் அழுதது என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அப்பா கல்லுப் போல இருக்கிறார், கொஞ்சம் அசடு வழிகிறார், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். பொய் சொன்னதை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

உங்கள் அத்தைக்கு என் விசாரிப்பு. துண்டு விவகாரத்தை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். மகளுக்கு ஒரு நோவும் அண்டாமல், வரப்போகிற சின்ன உயிர் நல்ல காற்றில் வந்து விழட்டும். நீங்கள் எல்லோரும் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கைகட்டி நிற்கும் மாமனார்

பின்குறிப்பு: சாயங்காலம் போன் வந்துவிட்டது. கடிதம் போய்ச் சேர ஐந்து நாளாகும் என்று அஞ்சலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஐந்து நாள் உங்களைப் பொய்யில் விட்டுவைக்க மனம் கேட்கவில்லை. போனில் நாலு சதவீதம்தான் இருந்தது, ஆகவே உங்கள் சார்ஜரைப் புத்தம் புதிதாகப் பிரித்து மாட்டி, ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நோண்டக் கூடாது என்று மேலே எழுதியதை அப்போதே மீறியாகிவிட்டது. கடைசிப் பக்கம் போய்ச் சேர்ந்து கால்மணி ஆகவில்லை, மணி அடித்தது. மகள்தான். குரல் களைத்திருந்தது. "அப்பா, இவர் உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினார். மத்தியானமே குஞ்சு வெளிய வந்தாச்சுப்பா. நீங்க கதவைத் திறக்கலாம்." பின்னாலிருந்து ஒரு அழுகை கேட்டது. கீச்சுக் கீச்சு இல்லை, வீடே அதிர்கிற அழுகை. ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், சார்ஜரைக் கழற்றவில்லை, போன் தோசைக்கல் மாதிரி கொதித்தது, காதிலிருந்து எடுக்கவே இல்லை. இந்தக் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கப் போவதில்லை. காலை முதல் வண்டியில் நானே கொண்டு வருகிறேன். மூன்று நாள் எல்லாம் என்னால் முடியாது.